அலமாரிக்குள் சிக்கிய ஏர்கான்

சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்த நிறுவனத்துக்கு இரண்டு நட்சத்திரம். அதுவும் தச்சு வேலை சுத்தமாக இருந்ததால்.

படுக்கையறை ஏர்கானைக் கூரையை ஒட்டி மாட்டி, மேலேயும் வலப்பக்கமும் அலமாரிப் பலகையால் அடைத்துவிட்டார்கள். பார்க்க அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் சுவர் ஏர்கான் மேற்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். அங்கே இரண்டு விரல்கூட நுழையாது. விட்ட குளிர்காற்றையே அது திரும்ப இழுத்து, அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்ரஸரை அடக்கிவிடுகிறது. கட்டிலில் நாங்கள் வேர்த்துக் கிடக்கிறோம்.

சர்வீஸுக்கு வந்த தம்பி முன்மூடியைத் தூக்கினார். பாதியிலேயே பலகையில் இடித்து நின்றது. ஃபில்டரை வளைத்து உருவியதில் ஓரம் விரிந்துவிட்டது. “அக்கா, உள்ள ப்ளோவர் முழுக்கக் கறுப்பா பூஞ்சை. கழட்டிக் கழுவணும்னா இந்தப் பக்கப் பலகையை அறுத்தாத்தான் முடியும்” என்றார். தண்ணீர் வடியும் குழாயும் பொய்க்கூரைக்குள் ஓடுகிறது. திறந்து பார்க்க ஒரு மூடிகூட வைக்கவில்லை. அடைத்துக்கொண்டால் கூரையைத்தான் உடைக்க வேண்டும்.

நிறுவனத்தைக் கேட்டால், “வரைபடத்தில் கையெழுத்துப் போட்டீர்களே” என்கிறார்கள். அந்த வரைபடத்தில் ஏர்கான் வெறும் ஒரு சதுரம்! எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஏர்கானோடு வரும் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. மாட்டுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா? பலகையை அறுக்கத் தனிக் கட்டணமாம். அந்த வேலைக்கு வேறு தச்சரைப் பேசிவிட்டேன்.