முதலில் எதைச் செய்வது: நடைவண்டியா, புத்தக அலமாரியா, படி ஸ்டூலா?

வீட்டில் இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். கையில் ஒரு ரம்பம், ட்ரில்லிங் மிஷின், மூலைமட்டம், நான்கு கிளாம்ப். வேலைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இந்த நிலையில் இந்த மூன்றையும் செய்து முடித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், படி ஸ்டூலில் ஆரம்பியுங்கள்.

நடைவண்டியில்தான் எல்லோருக்கும் முதல் ஆசை, எனக்கும் அப்படித்தான். ஆனால் பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கியதிலிருந்து தனியாக நடக்கும்வரைதான் அதற்கு வேலை. எங்கள் வீட்டில் அது நான்கு மாதம். மூன்று சக்கரத்தையும் ஒரே அளவில் வட்டமாக வெட்டி, அச்சுத் துளையைச் சரியாக நடுவில் போடுவதற்குள் இரண்டு ஞாயிறு போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம் தரை. மண் தரையில் மெதுவாக உருண்ட வண்டி டைல்ஸில் பிள்ளையை விட்டுவிட்டு முன்னால் ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டி, முன்பக்கம் ஒரு கனமான கட்டையை வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கலகலவென்று சத்தம் வர மணி கோப்பதாக இருந்தால் அளவைப் பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டத்தில் ஒரு குழல் வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு.

அலமாரி செய்வது மூன்றிலும் சுலபம். பிளைவுட் கடையிலேயே அளவு சொல்லி மிஷினில் அறுத்து வாங்கிவிடலாம், நாம் ஸ்க்ரூ போட்டால் போதும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை மட்டும் வேண்டாம். விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்கும், தினமும் வீடு துடைக்கிற தண்ணீரில் அடிப்பலகை ஊதிவிடும், எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அலமாரியில் என் பயம் வேறு. தட்டுகளைக் கண்டால் பிள்ளைக்கு அது ஏணி. அமெரிக்காவில் 2016-ல் ஏறத்தாழ 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றார்கள், சுவரோடு பிணைக்காதபோது கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். அதனால் எல்-ஆங்கிள் போட்டுச் சுவரில் முடுக்காத அலமாரி வீட்டுக்குள் வரவே கூடாது. வாடகை வீட்டில் ஓட்டை போட ஓனர் சம்மதிக்கவில்லையா, இரண்டரை அடிக்கு மேல் உயரம் வைக்காமல், அகலமாகச் செய்யுங்கள். முன்னால் சாயாமல் இருக்கிறதா என்று கீழ்த்தட்டை அழுத்தியும் பாருங்கள்.

சரி, ஸ்டூல். இரண்டே படி, நான்கு அங்குலத்தில் ஒன்று, எட்டரை அங்குலத்தில் ஒன்று. மேல்பலகையைவிட அடி அகலமாக இருக்க வேண்டும், பிள்ளை ஓரத்தில் மிதித்தாலும் அது கவிழக் கூடாது. இதன் பெரிய வசதி, சரியாக வந்திருக்கிறதா என்பதை நாமே சோதிக்கலாம். எழுபது கிலோ உள்ள நான் ஒற்றைக் காலில் ஏறி, நான்கு பக்கமும் சாய்ந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நேரம் பிடிப்பது உப்புத்தாளில்தான், 80, 120, 220 என்று சொரசொரப்பிலிருந்து மென்மையான தாளுக்கு வரிசையாக மாற்றித் தேய்த்து, எல்லா விளிம்பையும் உருட்ட வேண்டும். முடிந்தது என்று நினைத்தபோது பெரியவள் உள்ளங்கையால் பலகையின் அடிப்பக்கம் தடவி, "அப்பா, இங்க குத்துது" என்றாள். ஸ்டூலைத் தூக்கும்போது அவள் விரல் போகிற இடம் அது, எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு இரண்டு பேரும் வாஷ்பேசினில் தாங்களே கை கழுவுகிறார்கள், ஒரு நாளைக்குப் பத்து முறையாவது.

மரத்தில் என் ஓட்டு ரப்பர் மரத்துக்கு. வெளிர் நிறம், அறுக்க எளிது, தேக்கைவிட விலை எவ்வளவோ குறைவு. மருந்தேற்றி உலர்த்திய பலகையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். பேக்கிங் பெட்டியின் பைன் மரம் இன்னும் மலிவு, ஆனால் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு வாயு போட்டது, அதைத் தொடாதீர்கள்.

அரக்கு பாலிஷ் நடைவண்டிக்கு அருமை. வாஷ்பேசின் அருகே நிற்கிற ஸ்டூலுக்கு அது ஆகாது, தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அங்கே ஆளிவிதை எண்ணெய் பூசி நன்றாக உலரவிடலாம். பூசிய துணியை மட்டும் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் தனியாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.