பெயர் மாற்றி விற்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டு: பழைய கணினி வாங்குவோர் கவனத்திற்கு

என்னிடமுள்ள பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவியின் லென்ஸ் பழுதாகிவிட்டதால், பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த விளையாட்டு வட்டுகளை, கணினியை அந்தக் கருவிபோல் நடந்துகொள்ள வைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற மென்பொருள் (எமுலேட்டர்) மூலம் கணினியில் ஓட்டலாம் என்று எண்ணி, பழைய கணினிகள் விற்கும் கடையொன்றில் 14,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினேன். "ஐ7 சார், 1050 டிஐ கார்டு, 4 ஜிபி. பிஎஸ்2 கேம் எல்லாம் தாராளமா ஓடும்" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். ஐ7 என்பது இன்டெல் செயலி (புராசசர்) வரிசை; 1050 டிஐ என்பது திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு; 4 ஜிபி அதன் நினைவகம். எமுலேட்டரை நிறுவித் தருவதற்குத் தனியாக 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அது எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள் என்பதை அவர் சொல்லவில்லை.

வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது, நொடிக்கு 60 பிரேம் வர வேண்டிய விளையாட்டு, கூட்டமான காட்சிகளில் 35க்கு இறங்கியது. இசையும் பேச்சும் இழுத்து இழுத்து ஒலித்தன. படத்தின் தெளிவை நான்கு மடங்காக்கியதும் திரை உறைந்து நின்றது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளையிடும் வழிகளில் ஒன்றான வல்கன் முறைக்கு மாற்றினால் எமுலேட்டர் திறக்கவே மறுத்தது. 2016இல் வெளிவந்த 1050 டிஐ கார்டு வல்கனை ஏற்கும் என்பதால்தான் எனக்கு முதன்முதலில் சந்தேகம் எழுந்தது.

கார்டின் உண்மை விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளைத் திறந்தவுடன், கார்டின் பெயருக்கு முன்னால் 'போலி' என்ற குறிப்பே வந்து நின்றது. உள்ளே இருந்தது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ என்ற கார்டின் சிப். உண்மையான 1050 டிஐயில் 768 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்கும். இதில் இருந்தவை 192 மட்டுமே. கார்டின் பயாஸை (அதற்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதிப் புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். 1 ஜிபி நினைவகத்தையும் 4 ஜிபி என்று காட்டும்படி செய்திருந்தார்கள். என்னை மிகவும் வருத்தியது இன்னொன்று. கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்ததைப் பார்த்து, பழைய மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை என்று கடையிலேயே மகிழ்ந்தேன். 1050 டிஐ சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது என்பது தெரிந்திருந்தால் அங்கேயே திரும்பி வந்திருப்பேன்.

ஐ7 என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது 2009இல் வந்த ஐ7-860. பிளேஸ்டேஷன் 2இன் முதன்மைச் செயலி ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ்தானே, எந்தக் கணினிக்கும் அது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் செயலி, அதனுடன் இயங்கும் இரு வெக்டர் யூனிட்டுகள் (முப்பரிமாணக் கணக்குகளுக்கான துணை அலகுகள்), வரைகலைச் சிப், ஒலி என அனைத்தையும் ஒரே தாளத்தில் நகர்த்தியபடி, ஒவ்வொரு கட்டளையையும் நம் கணினிக்குப் புரியும் கட்டளையாக எமுலேட்டர் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே செயலியில் எத்தனை கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்பதைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம்; என் பழைய ஐ7இல் அது குறைவு. எமுலேட்டரின் புதிய பதிப்புகளுக்குச் செயலியில் எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுப்பும் கட்டாயம். இன்னும் பழைய இன்டெல் செயலிகளான தொடக்கக் கால கோர் 2 டுயோக்களில் அது இல்லை.

திரும்பக் கொண்டுபோனபோது, பழைய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளித்தேன். ஆனால் என் பில்லில் 'யூஸ்டு கம்ப்யூட்டர் - 1' என்று மட்டுமே இருப்பதால், எந்தக் கார்டுக்குப் பணம் கொடுத்தேன் என்பதை நிறுவ வழியில்லாமல் நிற்கிறேன். வாங்கச் செல்பவர்கள் ஜிபியு-இசட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்; அதை நிறுவக்கூட வேண்டியதில்லை. புராசசரின் முழு எண்ணையும் கார்டின் பெயரையும் பில்லில் எழுதித் தர மறுத்தால், தயவுசெய்து அங்கே பணம் கொடுக்காதீர்கள்.