ஐரோப்பாவுக்கு யார் போகிறார்கள் என்று காட்டும் செயலி: நான்கு நட்சத்திரம்

மூன்று மாதமாக இந்தக் கால்பந்து செயலியைப் பயன்படுத்துகிறேன். புள்ளிப் பட்டியலில் ஒரு அணியைத் தொட்டால், அது எந்த வழியாக ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்தது என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

2024-25 பருவத்தைத் திறந்து பார்த்தேன். இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் 17ஆவது இடம் பிடித்த டாட்டன்ஹாம், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கை வென்றதால், முதல் நிலையான சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. சரியாக வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்று யூரோப்பா லீக் இடம் பெற்ற கிரிஸ்டல் பேலஸ் இதில் இன்னும் யூரோப்பா லீக்கிலேயே நிற்கிறது. ஒரே உரிமையாளருக்குப் பல கிளப்புகளில் பங்கு இருப்பது பற்றிய விதியால் அவர்களை மூன்றாம் நிலையான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கினார்கள். அவர்களின் யூரோப்பா லீக் இடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனது. முதன்முறையாகக் கோப்பை வென்ற ரசிகர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அதை உடனே திருத்த வேண்டும்.