பத்மினியின் மெத்தைப் பெடல்: ஏழு வருட அனுபவம்

மாமனார் வேலூரில் ஓட்டிய 1978 மாடல் பிரீமியர் பத்மினி, 2016-ல் பெங்களூரு அல்சூரில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "பிரேக்கை ரெண்டு தடவை அடிங்க மாப்ளே, அப்பத்தான் பிடிக்கும். அது இந்த வண்டியோட ராசி." அது ராசி இல்லை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ தேய்ந்து, டிரம்மை விட்டு விலகிக் கிடந்தது என்று புரியச் சில மாதம் ஆயிற்று. பெடல் முதல் மிதியில் தாழப் போய், உடனே அடுத்த மிதியில் மேலே வந்தால் முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டைத்தான் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, சுழற்றிக்கொண்டே ஷூ உரசும்வரை இறுக்கி, ஒரு பொட்டு தளர்த்தினோம். ராசி மாறிவிட்டது.

எங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. உள்ளே என்ன நடந்தாலும் நேராக உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைப் படிக்கத்தான் எனக்கு வருடங்கள் ஆயின.

என்னை அலைக்கழித்தது 2018. இடது முன் சக்கரத்தில், ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தது. அதற்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கப் கிட்டை மாற்றினோம். டிரம்மில் கோடு விழுந்திருந்ததால் முன்பக்கம் இரண்டையும் கலாசிபாளையத்தில் ஒரு லேத்தில் கடைந்து, ஜே.சி. ரோட்டில் புது ஷூ வாங்கிப் போட்டோம். வண்டியை எடுத்தால் பெடல் இலவம்பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஆயிலுக்குள் காற்று இருக்கும் என்று ஏர் எடுத்தோம், அதாவது பெடலை அடித்து ஆயிலோடு காற்றையும் வெளியேற்றினோம். மறுவாரம் மறுபடி எடுத்தோம். மூன்று தடவையில் ஒன்றரை லிட்டர் பிரேக் ஆயில் போனது. குமிழி ஒன்றுகூட வரவில்லை. கடைசித் தடவை சிந்திய ஆயில் பானெட் ஓரத்துப் பெயின்டையும் உரித்துவிட்டது. அந்த வடு இன்னும் இருக்கிறது.

பட்டறைக்காரர் சளைக்காமல், "மாஸ்டர் சிலிண்டரை மாத்திடலாம் சார்" என்றார். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். மாற்றியும் இருப்பேன். மர்ஃபி டவுனில் பழைய ஃபியட்டுகளே கதியென்று இருக்கும் ஒரு மேஸ்திரி தடுத்தார். "மாத்துறதுக்கு முன்னாடி எங்கே அமுங்குதுன்னு பாருங்க சார்." இந்த வண்டியில் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் மூன்று: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றையும் துணி சுற்றிக் கிளாம்பால் மெல்ல நசுக்கினார். பெடல் கல் மாதிரி நின்றது. ஆக, மாஸ்டர் நிரபராதி. ஒவ்வொன்றாக விடுவித்தார். பின்னால் திறந்தபோது ஒன்றும் இல்லை. முன்னால் திறந்ததும் பஞ்சு திரும்பி வந்தது.

ஹோஸ் வயதாகி ஊதினாலும் இப்படித்தான் இருக்கும். ஒருவரை மிதிக்கச் சொல்லி ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தார், ஊதவில்லை. பிறகு டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து மாட்டி, லேசாக பிரேக் பிடித்துச் சுழற்றிக் கழற்றினார். ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனரின் நடுவில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை. டிரம்மைக் கடைந்ததில் அதன் வட்டம் பெரிதாகிவிட்டது. புது ஷூவின் வளைவோ பழைய அளவுக்கானது. நடு வயிறு தொட்டபின் இரண்டு ஓரமும் தொட வேண்டுமானால் ஷூ வளைந்தாக வேண்டும். அந்த வளைவைத்தான் நான் காற்று என்று நினைத்து விரட்டிக்கொண்டிருந்தேன். காற்று இருந்தால் நாலு தடவை அடித்ததும் பெடல் கொஞ்சம் ஏறும்; இது எத்தனை அடித்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். தடித்த லைனர் ஒட்டி, டிரம் வளைவுக்குச் சாணை பிடித்துப் போட்டார். ஐநூறு கிலோமீட்டரில் பெடல் இறுகிவிட்டது.

அடுத்த கோளாறு ஊரடங்குக்குப் பிறகு. பல மாதம் நின்ற வண்டி. டிரினிட்டி சிக்னலில் மிதித்தபடி நின்றால் பெடல் மெதுவாக, தூக்கம் வந்தவன் தலை சாய்வது போல இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. இந்தத் தடவை மாஸ்டரேதான்: உள்ளே கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவுகிறது. குற்றவாளி நான். வண்டியை எடுத்த அன்று ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை அடித்தேன். கப் வழக்கமாகப் போகாத இடத்தில் சிலிண்டருக்குள் துரு இருந்திருக்கிறது. கப்பின் உதடு கிழிந்துவிட்டது. இப்போதெல்லாம் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டுதான் ஏர் எடுக்கிறேன்.

மூன்றாவது பாடம் நந்தி மலை இறக்கத்தில். நாலைந்து வளைவுக்குப் பின் பெடல் திடீரென்று ஆழமாகப் போனது. லைனர் சூடேறிப் பிடிப்பு விட்டால் பெடல் கெட்டியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. இங்கே பெடலே போயிற்று. அரை மணி நேரம் ஓரங்கட்டி ஆறவிட்டதும் திரும்பிவிட்டது. ஆயில் கொதித்திருக்கிறது. அதில் இருந்த டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அது 140 டிகிரியாக இறங்கலாம். இப்போது டாட் 4 (புதிதில் 230, நீர் சேர்ந்தால் 155). இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, மே மாதக் கடைசியில், மழைக்கு முன் மாற்றுகிறேன். சிலிகானில் செய்த டாட் 5 வேறு சாதி. பெயர் வரிசையைப் பார்த்து ஏமாந்து ஊற்றிவிடாதீர்கள். அன்றிலிருந்து மலையில் இரண்டாவது கியர்தான். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கட்டும்.

இன்றைக்குப் பெடல் நன்றாக இருக்கிறது. மாமா போன தீபாவளிக்கு வந்தபோது ஓட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அடித்து, முன்சீட்டில் இருந்த அத்தையை டேஷ்போர்டில் முட்ட வைத்தார். இடது முன் டிரம் மட்டும் இன்னொரு தடவை லேத்தைத் தாங்காது என்கிறார் மேஸ்திரி. ஜே.சி. ரோட்டில் பழைய சரக்கு எங்காவது கிடைக்குமா என்று சனிக்கிழமைதோறும் தேடிக்கொண்டிருக்கிறேன்.