திருமலை உப்புக் காற்றில் லூக்காஸ் வண்டிக்குப் புது ரெகுலேற்றர்: மூன்று மாரி கழித்து

12 வோல்ற் லூக்காஸ் அல்ரனேற்றர் (எஞ்சினோடு சுற்றி ஏசி மின் தருவது) உள்ள பழைய பீஎஸ்ஏ, ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள்களுக்கு, பழைய தட்டு ரெக்ரிபயரையும் (ஏசியை டீசியாக்குவது) செனர் டயோட்டையும் (மிஞ்சிய வோல்ற்றைக் கழிப்பது) கழற்றிவிட்டு, இரண்டின் வேலையையும் செய்யும் ஒரே பெட்டி ரெகுலேற்றர் போடலாமா? போடலாம். மூன்று கச்சானும் மூன்று மாரியும் ஓடிய பெட்டிகளில் உள்ளிருக்கும் எலெக்ட்ரொனிக்ஸ் தானாகச் செத்ததைக் காணவில்லை. வந்த கோளாறெல்லாம் பெட்டிக்கு வெளியே வந்தவை: உப்பு பிடித்த முனை, தளர்ந்த ஏர்த் (பற்றரி வண்டிச் சட்டத்தோடு சேரும் தொடர்பு), காற்றுப் படாத இடத்தில் மாட்டியது, பற்றரியைத் தலைகீழாகக் கொடுத்தது. ஆகவே எந்தக் கம்பனிப் பெட்டி நல்லது என்பதைவிட அதை எங்கே, எப்படி மாட்டுவது என்பதைத்தான் இங்கே அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் எந்த வண்டி என்பது. ட்ரையம்ப் 650 வண்டிகளில் 12 வோல்ற் வந்தது 1966 மாடலோடு. பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனது 1957இல். "டொக்யார்ட் வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டி" என்று யாராவது 12 வோல்ற் வண்டியைக் காட்டினால், ஒன்றில் கதை பிழை, அல்லது வண்டி பிறகு மாற்றப்பட்டது. இரண்டாவது என்றால் ஸ்ரேற்றரை, அதாவது அல்ரனேற்றரின் அசையாத கொயில் வளையத்தைப் பார்க்க வேண்டும். 6 வோல்ற் காலத்து ஸ்ரேற்றரில் மூன்று வயர்கள் வெளியே வரும்: பச்சை-வெள்ளை, பச்சை-கறுப்பு, பச்சை-மஞ்சள். பச்சை-கறுப்பையும் பச்சை-மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முனையாகவும், பச்சை-வெள்ளையை மற்ற முனையாகவும் எடுத்தால் ஆறு கொயிலும் வேலை செய்யும். 12 வோல்ற் பெட்டிக்கு அது போதும். லூக்காஸின் ஆர்எம்21 அல்ரனேற்றர் என்றால் இரண்டே வயர்தான், யோசிக்க ஒன்றுமில்லை.

பெட்டி வாங்குவதற்கு முன்னம் அல்ரனேற்றர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரேற்றரின் இரண்டு வயரையும் கழற்றி மீற்றரை ஓமில் வைத்தால், ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். எந்த வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால், பெரும்பாலும் பிரைமரிச் செயின் மூடிக்குள்ளே எண்ணெயில் ஊறி ஊறி விறைத்த வயர் எங்கோ உரசியிருக்கிறது. அதோடு புதுப் பெட்டியைப் பொருத்தினால் உள்ளே ஒரு டயோட்டு வெந்துபோகும்.

லூக்காஸ் சொன்ன சோதனை, ஒரு ஓம் ரெசிஸ்ரரை இரண்டு வயருக்கும் குறுக்கே போட்டு எஞ்சினின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஏசி வோல்ற்றை அளப்பது. ஆர்எம்21க்குக் குறைந்தது 9 வோல்ற் வரவேண்டும். அந்தப் பருமன் ரெசிஸ்ரருக்கு ஊரெல்லாம் அலையத் தேவையில்லை. 60/55 வாட்ஸ் எச்4 பல்பின் இரண்டு இழையையும் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்துக் கட்டினால் எரியும்போது ஓர் ஓமை ஒட்டித்தான் வரும். 3000இல் பல்பு பளிச்சென்று எரிந்து மீற்றர் 9ஐத் தாண்டினால் சரி. பல்பு சிவந்து மட்டும் நின்றால், பெரும்பாலும் நடுவே சுற்றும் றோற்றரின் காந்தம் போயிருக்கிறது, பெட்டி மாற்றிப் பயனில்லை. மூடி திறந்திருக்கும்போதே றோற்றருக்கும் ஸ்ரேற்றருக்கும் இடைவெளி சுற்றிவர 8 தௌ, அதாவது 0.2 மில்லிமீற்றர், குறையாமல் இருக்கிறதா என்று பீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். றோற்றரைக் கையால் பிடித்து ஆட்டியும் பாருங்கள். நடு இரும்பு வெளி வளையத்திலிருந்து விட்டுப் போவது இந்த வயது வண்டிகளுக்குப் பழகிய வருத்தம்.

சரி, ஏன் மாற்ற வேண்டும்? செனர் கெட்ட சாமான் அல்ல. சுத்தமான உலோகத்தில் இறுக்கமாக இருந்தால் அது வேலை செய்யும். ஆனால் அதன் கட்டுப்பாடு பரும்படி. 2 அம்பியர் கடத்தும்போது 13.5 முதல் 15.3 வோல்ற் வரை எங்கே நின்றாலும் "நல்லது" என்றுதான் லூக்காஸ் கணக்கு. அந்தக் காலத்துத் தண்ணீர் ஊற்றும் பற்றரிக்கு அது பரவாயில்லை. இப்போது கிடைக்கிற சீல் பண்ணிய 7 அல்லது 9 ஏஎச் (அம்பியர்-மணி) பற்றரிக்கு 15 வோல்ற் நாட்கணக்கில் போனால் பக்கங்கள் ஊதிவிடும். தட்டு ரெக்ரிபயரின் நடு போல்ட்டோ அதைவிட வம்பு. ஒரு ஸ்பானரால் மட்டும் நட்டைத் திருகினால் தட்டுகள் ஒன்றோடொன்று திரும்பி உள்ளே தொடர்பு அறுந்துவிடும். கழற்றும்போதும் போல்ட்டின் தலையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கடையில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று. இந்தியன் பைக்குகளுக்கு வரும் நாலு முனை ரெகுலேற்றர் மலிவு, பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும், "இதையே போடலாம் அண்ணை" என்று எடுத்துத் தருவார்கள். அவற்றில் பல, ஸ்ரேற்றரின் ஒரு முனை ஏர்த்தில் இருக்கிற, அரை அலையை மட்டும் சார்ஜுக்கு எடுக்கிற முறைக்குச் செய்தவை. நெகற்றிவ் ஏர்த் வண்டிக்கானவை. லூக்காஸில் ஸ்ரேற்றரின் இரண்டு முனையும் ஏர்த்தைத் தொடாது. தேவைப்படுவது முழு அலைப் பெட்டி: இரண்டு மஞ்சள், ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு. மூன்று மஞ்சள் உள்ள மூன்று பேஸ் பெட்டி கையில் இருந்தால் அதுவும் ஓடும். இரண்டு மஞ்சளைக் கொடுத்துவிட்டு மூன்றாவதன் முனையை மூடிக் கட்டிவிடலாம். மொஸ்பெற் (ஒரு வகை ட்ரான்சிஸ்ரர்) உள்ள பெட்டி என்று கூடக் காசு கேட்பார்கள். பத்து அம்பியர் அல்ரனேற்றருக்கு அதனால் பெரிய வித்தியாசமில்லை, அந்தக் காசுக்கு நல்ல வயர் வாங்கலாம்.

வயறிங் பத்து நிமிட வேலை. மஞ்சள் இரண்டும் ஸ்ரேற்றர் வயர் இரண்டுக்கும், எது எதற்கு என்ற கணக்கில்லை. கறுப்பு, பழைய ரெக்ரிபயரின் நடு முனைக்கு வந்த வயருக்கு. அந்த இடத்திலேயே கொடுத்தால் அம்மீற்றர் பழையபடி சார்ஜைக் காட்டும். நேரே பற்றரிக்கு ஓட்டினால் காட்டாது. சிவப்பு பற்றரியின் பொசிற்றிவுக்கு. இந்த வண்டிகளில் பொசிற்றிவ்தான் ஏர்த் என்பதால் பலர் சிவப்பைப் பக்கத்துச் சட்ட போல்ட்டில் முடிந்துவிடுகிறார்கள். வேண்டாம். தனி வயர் ஒன்றைப் பற்றரி முனை வரைக்கும் கொண்டுபோங்கள். பெட்டி தன் வாசலில் வரும் வோல்ற்றைப் பார்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. இடையில் பெயின்ற் பூசிய சட்டத்தில் 0.4 வோல்ற் விழுந்தால், பெட்டி 14.3 என்று திருப்திப்படும். பற்றரிக்குக் கிடைப்பது 13.9.

செனருக்கு வரும் ஒற்றை வயரைக் கழற்றி முனையை மூடிக் கட்டுங்கள். அதில் மின் இருக்கும், சும்மா தொங்கவிடக்கூடாது. செனரையே கழற்ற வேண்டியதில்லை. ட்ரையம்ப்பில் ஹெட்லைட்டுக்குக் கீழே துடுப்புத் துடுப்பாய் இருக்கிற அந்த அலுமினியத் துண்டு இல்லாவிட்டால் வண்டியின் முகமே மாறிப்போகும். கழற்றுவதாக இருந்தால் அதன் செப்புத் தண்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், முறியும்.

பியூஸ் விஷயத்தில் பழைய பிழை ஒன்று இன்னும் ஓடுகிறது. லூக்காஸ் கண்ணாடி பியூஸில் எழுதியிருக்கும் 35 என்பது அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி. அதைப் பார்த்து இப்போதைய 35 அம்பியர் பிளேட் பியூஸ் போட்டால், வயறிங் எரிந்த பிறகும் பியூஸ் நல்லபடி இருக்கும். 15 அம்பியர் போதும், பற்றரியின் நெகற்றிவ் பக்கத்தில்.

எங்கே மாட்டுவது? சீற்றுக்குக் கீழே இடமிருக்கிறது என்று எண்ணெய்த் தாங்கிக்கும் பற்றரிக்கும் இடையே செருகாதீர்கள். இந்த வகைப் பெட்டி, மிஞ்சிய மின்னை அல்ரனேற்றரையே குறுக்கே இணைத்துக் கழிக்கிறது, அப்போதுதான் சூடாகும். அதனால் லைட் போடாமல் வேகமாக ஓடும்போதுதான் பெட்டி கூடச் சுடும், லைட் போட்டு ஓடும்போது அல்ல. கச்சான் அடிக்கிற ஆடி மாதம் நடுப்பகலில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஒரே வேகத்தில் போய் நிறுத்தினால், மூடிய இடத்தில் இருக்கும் பெட்டியில் கை வைக்க முடியாது. எல்ஈடி ஹெட்லைட் போட்ட வண்டியில் சுமை இன்னும் குறைவு, பெட்டிக்குச் சூடு இன்னும் அதிகம். 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில், துடுப்புகள் காற்றுப் போகும் திசையில் நிற்க, முதுகில் மெல்லிதாக ஹீற் பேஸ்ற் பூசி, நைலொன் நட்டால் இறுக்குங்கள். பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் கழுத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் ஒரு கிளிப் அவசியம். பீஎஸ்ஏயின் அதிர்வில் கிளிப் இல்லாத வயர் அந்தக் கழுத்திலேதான் உள்ளுக்குள் அறும். வெளியே இன்சுலேஷன் நல்லாயிருக்கும், ஒருநாள் சார்ஜ் வரும், மறுநாள் வராது, ஆளைப் பைத்தியமாக்கும்.

இனி உப்பு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வீடு என்றாலோ, உள்துறைமுக வீதியில் நாள்தோறும் ஓடினாலோ, ஒரு வருடத்தில் புல்லற் முனைகளை (வயர்களை ஒன்றோடொன்று செருகும் உருளை முனைகள்) திறந்து பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக நிற்கும். அது பரவாயில்லை, சுரண்டலாம். அதற்குப் பின்னால் வயரின் இன்சுலேஷனை ஓர் அங்குலம் உரித்துப் பார்த்தால் செப்பு இழைகள் கறுத்திருக்கும்; இன்னோர் அங்குலம் உரித்தாலும் கறுப்புத்தான். ஈரம் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடுகிறது. கறுத்த செப்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப் பிடித்தாலும் தொடர்பு வராது. பளபளப்பான செப்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, வள்ளங்களுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய 2 சதுர மில்லிமீற்றர் வயரை ஒட்டுங்கள். கிரிம்ப், அதன்மேல் உள்ளே பசை உள்ள ஹீற் ஷ்ரிங்க், திறந்துமூடும் முனைகளில் வஸ்லின். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் வாடை தொடங்கியதும் அது தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரியாகப் போட்ட வண்டியில் மீற்றர் காட்டியவை: இரவு நிறுத்தி வைத்த பற்றரி 12.6க்கு மேல். ஸ்டார்ட் பண்ணி லைட்டோடு 1000 சுற்றில் 12.2 அளவு. 2500இல் 13ஐத் தாண்டும். 3000க்கு மேல் 14.2, 14.3, அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் நகராது. அரை மணி நேரம் ஓடிச் சுட்ட பிறகும் அதே இடத்தில் நிற்க வேண்டும். 14.7இல் நிற்கிற பெட்டியும் வருகிறது. குளிர்நாட்டில் அது சரி. ஈய-அமிலப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 0.2 வோல்ற் குறைய வேண்டும். எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிற திருமலைப் பற்றரி எப்போதும் அந்த 25க்கு மேலேதான். ஆகவே வாங்கும்போது 14.4க்கு மேற்படாத பெட்டியாகக் கேளுங்கள். சார்ஜ் போகும்போது பெட்டியின் சிவப்பு முனைக்கும் பற்றரி பொசிற்றிவுக்கும் இடையே மீற்றர் வைத்தால் 0.1க்குள் இருக்கவேண்டும். 0.3 என்றால் எங்கோ களிம்பு.

அந்த 12.2ஐப் பார்த்துப் பெட்டியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பெட்டி மின்னை உண்டாக்குவதில்லை. 45 வாட்ஸ் ஹெட்லைட் 3.75 அம்பியர், பின் லைட் அரை, இக்னிஷன் கொயில் 3 என்று ஏழுக்கு மேல் போகிறது. மெதுவாகச் சுற்றும் அல்ரனேற்றர் அதில் பாதியும் தராது. உவர்மலையிலிருந்து மார்க்கெற்றுக்கும் திரும்பவும் என்று மட்டுமே ஓடும் வண்டிக்கு எந்தப் பெட்டி போட்டாலும் கிழமைக்கொரு தரம் சார்ஜரில் போடத்தான் வேண்டும், அல்லது எல்ஈடிக்கு மாற வேண்டும். எல்ஈடி என்றால் பொசிற்றிவ் ஏர்த்துக்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டி சாகக் கண்ட ஒரே வழி கராஜில்தான். வேலைக்கு நிற்கும் பொடியன் வாழ்நாள் முழுக்க ஜப்பான் வண்டியே பார்த்தவன்; பற்றரி மாற்றும்போது கை தானாகவே நெகற்றிவைச் சட்டத்துக்குக் கொண்டுபோகும். பியூஸ் எரிவதற்குள் பெட்டிக்குள் டயோட்டுகள் எரிந்துவிடும். பற்றரிப் பெட்டியின் மூடியில் "பிளஸ்தான் ஏர்த்" என்று பெயின்ற்றால் எழுதிவையுங்கள். ஸ்ரிக்கர் எண்ணெயில் உரிந்துவிடும். வேண்டுமானால் வண்டியையே நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றலாம். பெட்டியின் உடம்பு இரண்டு முனைக்கும் தொடர்பில்லாமல் இருக்கிறதா என்று மீற்றரால் பார்த்துவிட்டு, செனரை முழுதாகத் துண்டித்து, அம்மீற்றர் வயரையும் கொயில் வயரையும் இடம் மாற்ற வேண்டும். எலெக்ட்ரொனிக் இக்னிஷன் இருந்தால் அதற்கும் தனியாக வயர் மாறும்.

ஐப்பசி பிறக்குமுன் வருடத்துக்கொரு தரம் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை: முனைகளைத் திறந்து துடைத்து வஸ்லின், கிளிப்பும் நட்டும் இறுக்கம், மீற்றரில் மூன்று சுற்றுக்கு மூன்று அளவு. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் தூரம் போகிறவர்கள் பழைய தட்டு ரெக்ரிபயரை ஒரு துணியில் சுற்றிச் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கலாம். அதன் நடு போல்ட்டைச் சட்டத்தில் இறுக்கி, ஸ்ரேற்றர் வயர் இரண்டையும் பக்க முனைகளிலும் பழைய நடு வயரை நடு முனையிலும் செருகி, மூடிக் கட்டிய செனர் வயரைத் திரும்பக் கொடுத்தால், வண்டி 1969இல் ஓடியபடி வீடு வந்துசேரும்.