சட்ட உதவியா, பொதுநல வழக்கா?

குற்றவியல் நீதி முறையைச் சீர்படுத்தக் கிளம்பும் ஜூனியர் வக்கீல்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

வருமானம்

சட்ட உதவி: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முழுநேர வக்கீலானால் மாதாமாதம் பணம் வரும். தனியாக வழக்கு எடுக்க முடியாது.

பொதுநல வழக்கு: வழக்கு நடத்தும் அமைப்புக்கு நிதி வரும்வரைதான் சம்பளம்.

பலன்

சட்ட உதவி: கண்ணெதிரே தெரியும். ஜாமீன் உத்தரவாகியும், இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வர அவர்களுக்கு ஆளில்லை. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு நீங்கள் போடும் ஒரு மனு அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும். எனக்கு இதைவிடப் பெரிய வேலை தெரியவில்லை.

பொதுநல வழக்கு: வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் 1979இல் பீகார் விசாரணைக் கைதிகளுக்காக நடந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு, விரைவான விசாரணையை நாடு முழுவதுக்கும் அடிப்படை உரிமையாக்கியது.

அலுப்பு

இரண்டிலும் உண்டு.

ஆளோடு பேசி, அன்றாடம் கோர்ட் ஏற விரும்பினால் சட்ட உதவி. ஆராய்ச்சியும் எழுத்தும் பிடித்து, பொறுமையும் இருந்தால் பொதுநல வழக்கு. யோசனை கேட்டால், முதல் மூன்று வருஷம் சட்ட உதவிதான் என்பேன். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் ஜாமீனில் விடச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு (ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக). அது எங்கே தடைபடுகிறது என்பது சிறைக்குப் போய்வந்தால்தான் புரியும்.