மேலே ஏறியவர் இறங்கமாட்டார்: ஸ்டெல்லாரிஸுடன் ஆறு ஆண்டு

அக்கா மகன் போன வாரம் கேட்டான், ஸ்டெல்லாரிஸ் விலை குறைந்திருக்கிறது மாமா, வாங்கலாமா என்று. விண்வெளியில் ஒரு பேரரசைக் கட்டி நடத்தும் கணினி ஆட்டம் அது. நண்பன் வீட்டில் இரண்டு முறை ஆடிப் பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் ஆட்டக் கணக்கில் முப்பது ஆண்டு தாண்டவில்லை, பேரரசு திவால். யாரும் படையெடுக்கவில்லை, ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போனது, திடீரென்று திரையில் சரக்குக் கணக்கு காட்டும் மேல்வரிசையில் ஒரு எண் சிவப்பானது, அப்புறம் ஒவ்வொன்றாகச் சிவந்துவிட்டன என்கிறான். அவன் கேட்டது கிரியோலில், எங்கள் மொரிஷியஸ் தீவின் பேச்சுமொழியில். நான் தமிழில் எழுதுகிறேன். ரோஸ் ஹில்லில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நாலைந்து பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் வாங்கியது 2019-ல். ஆட்டம் வெளிவந்தது 2016 மே மாதம். ஆனால் இன்று நாம் பேசும் பொருளாதாரம் 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்போடு பிறந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கிரகமும் கட்டம் கட்டமாக இருக்கும், கட்டத்துக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். 2.2-ல் கட்டங்கள் போய், மாவட்டங்களும் வேலைகளும் வந்தன. நுகர்பொருள், அலாய் (கப்பல் கட்டும் உலோகக் கலவை) என்று இரண்டு புதுச் சரக்குகளும் வந்தன. புதிதாக ஆடுபவர்கள் விழுவது இந்த நுகர்பொருளில்தான். ஆறு ஆண்டாக என் கோபமும் அங்கேதான் நிற்கிறது.

எப்படி விழுகிறார்கள் என்று சொல்கிறேன். கையில் மினரல், அதாவது சுரங்கத் தாது, நிறைய இருக்கிறது. ஆராய்ச்சி வேகமாகப் போகட்டும் என்று ஓர் ஆய்வுக்கூடம் கட்டுகிறோம். கட்டி முடித்த மாதம் மேல்வரிசையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. எனர்ஜி, அதாவது ஆட்டத்தின் பணம், கொஞ்சம் குறையும், சரி என்று விட்டுவிடுவோம். இன்னொன்று கட்டுவோம். இதற்குள் ஆட்கள் மெல்ல அந்த வேலைகளில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் மாதம் 2 நுகர்பொருள் தின்பவர். நாலு பேர் சேர்ந்தால் 8. நேற்று வரை மாதம் ஐந்து மிச்சம் காட்டிய எண் இன்று மூன்று குறைவு என்று காட்டும். இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கட்டடத்தின் மேல் சுட்டியை வைத்தால் பராமரிப்புச் செலவு தெரிகிறது, வேலையின் மேல் வைத்தால் வேலைக்கான செலவு தெரிகிறது. ஆனால் ஆள் நிரம்பியதும் என் மொத்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை எந்த மூலையிலும் காணோம். ஆறு ஆண்டாகத் தேடியிருக்கிறேன்.

இதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான குழி. நுகர்பொருள் குறைகிறதா, தொழிற்சாலை கட்டு என்று கை தானாகப் போகும். தொழிற்சாலைக்கு ஆள் எங்கிருந்து வருவார்? சும்மா இருப்பவர் ஒருவரும் இல்லை. சுரங்கத்தில் இருப்பவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தானாக மேலே ஏறிவிடுவார். நான் ஆடிய பதிப்புகளில் வேலைகள் மூன்று அடுக்கு: கீழே தொழிலாளர், நடுவில் வல்லுநர், மேலே ஆள்பவர். நடு அடுக்கில் இடம் திறந்தால் கீழே இருப்பவர் உடனே அங்கே போய்விடுவார், நம்மைக் கேட்கமாட்டார். இப்போது சுரங்கம் காலி. ஆனால் தொழிற்சாலைக்கு வேண்டியது மினரல். நுகர்பொருளைச் சரி செய்யப் போய் மினரல் சிவப்பாகும். மினரலுக்குச் சுரங்கம் கட்டினால் விவசாயி குறைவார், உணவு சிவப்பாகும். அக்கா மகன் சொன்ன "ஒவ்வொன்றாகச் சிவந்தது" இதுதான். அவன் தப்புக் கணக்குப் போடவில்லை. பணத்தை எண்ணினான். எண்ண வேண்டியது ஆட்களை.

2.2 முதல் 3.14 வரை நான் தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்த கணக்கு இது. ஒரு கைவினைஞர் 6 மினரல் எடுத்து 6 நுகர்பொருள் தருவார். அது மூன்று ஆராய்ச்சியாளருக்குப் போதும். அந்த 6 மினரலை எடுக்க ஒன்றரைச் சுரங்கத் தொழிலாளர் வேண்டும், ஒருவர் எடுப்பது 4. ஆக மூன்று ஆராய்ச்சியாளர் நிம்மதியாக உட்கார வேண்டும் என்றால் அவர்களுக்குக் கீழே இரண்டரைப் பேர் உழைக்கிறார்கள். இதில் மக்கள் தங்கள் வீட்டுக்கே வாங்கும் நுகர்பொருள் சேரவில்லை. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் முதல் ஐம்பது ஆண்டு கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறுவது ஒரு நொடி, இறங்குவது பல ஆண்டு. வல்லுநர் வேலையை மூடிவிட்டால் அவர் மறுநாளே சுரங்கத்துக்குத் திரும்பமாட்டார். வேலையில்லாமல், மனம் கசந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். முதல் முறை இதைப் பார்த்தபோது விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நினைவுக்கு வந்தார்.

எங்கள் தீவில் சுதந்திரம் வந்த 1968-ல் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். அம்மா பெண்ணாக இருந்தபோது கரும்புத் தோட்டத்தில் களை எடுத்தவர். 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, பின்னால் துணி ஆலைகள் பெருகின, அம்மா தையல் இயந்திரத்துக்குப் போனார். அவர் தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் போனார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. மேலே இடம் திறந்தது, ஏறினார்கள். கரும்பு வெட்ட ஆள் இல்லை என்று தோட்டங்கள் தவித்தன. பிறகு 2004 முடிவில் உலக ஆடை வர்த்தகத்தின் பழைய ஒதுக்கீட்டு முறை முடிந்தது. அம்மாவின் ஆலையும் மூடியது. ஐம்பதைத் தாண்டிய அம்மா திரும்பக் கரும்புத் தோட்டத்துக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஸ்வீடனில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரியாது. ஆனால் அந்த விதி உண்மையானது. அதனால்தான் ஆறு ஆண்டாக இதை விடவில்லை. வேறு விண்வெளி ஆட்டங்களில் மக்கள் வெறும் எண், கிரகத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் படம். இங்கே ஒருவர் வேலை மாறினால் பேரரசே ஆடும்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயியில் தண்ணீர் கார்களை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருந்தேன், அப்போதுதான் ஒரு முழு ஆட்டத்தைத் திவாலாகாமல் கொண்டு போனேன். என்ன செய்தேன் என்றால், ஆய்வுக்கூடத்தைக் கட்டிய உடனேயே அதன் வேலை இடங்களை மூடி வைத்தேன். வேலைப் பட்டியலில் இடங்களைக் குறைக்கும் பொத்தான் அப்போது இருந்தது. கீழே சுரங்கத்தில் ஆள் நிரம்பிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன். புது ஆள் பிறந்தார், ஓர் இடம் திறந்தது, இப்படியே. குடியேற்றக் கப்பலிலும் அவசரப்படவில்லை. ஒன்றுக்கு அப்போது 200 அலாய், 200 உணவு, 200 நுகர்பொருள். புதுக் குடியேற்றம் பல ஆண்டு வாங்கித் தின்னுமே தவிர எதுவும் தராது. முதல் மூன்று குடியேற்றத்தையும் ஒரே நேரத்தில் அனுப்புவதால்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். ஆட்டத்துக்குள் இருக்கும் சந்தை அவசரத்துக்கு மட்டும். நாம் வாங்க வாங்க விலை ஏறும், விற்க விற்க இறங்கும், நடுவில் தரகு வேறு. மாதாமாதம் கொஞ்சமாக வாங்கும்படி வைத்துவிட்டால் விலை பாயாது. கிடங்கில் மினரல் மூவாயிரம் நிற்கிறது என்று மகிழவும் வேண்டாம், அது வேலைக்குப் போகாத சரக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு, வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வாங்காதே.

போன மாதம் மடிக்கணினியின் விசிறி போய், பழுது பார்க்கக் கொடுத்து, மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. வட்டை அழித்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள். சேமித்த ஆட்டங்கள் தனியாக என்னிடம் இருந்தன. ஆட்டத்தைப் புதிதாக இறக்கினேன், வந்தது 2025 மே மாதம் வெளியான 4.0-க்குப் பிந்தைய பதிப்பு. பழைய 3.14 ஆட்டம் அதில் தொடராது. ஓர் ஆளாக இருந்தவர் இப்போது நூறு பேர். மாவட்டங்கள் வேறு, கட்டடங்கள் வேறு. வணிகம் தனிச் சரக்காகிவிட்டது, சந்தையில் எனர்ஜிக்குப் பதில் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிரகத்தில் உணவோ மினரலோ குறைந்தால், பேரரசில் மொத்தமாக மிச்சம் இருந்தாலும் அதைக் கொண்டு சேர்க்க வணிகம் செலவாகிறது. இது நியாயமான மாற்றம் என்று மனதாரச் சொல்கிறேன். அரிசியும் மாவும் கப்பலில் வரும் தீவில் இருப்பவனுக்குச் சரக்கு தானாக வந்து சேராது என்று தெரியும். வேலை இல்லாதவர் போய் நிற்கக் குடிமக்கள் என்று ஓர் அடுக்கும் வந்திருக்கிறது, அதுவும் நல்லது. ஆனால் தாளில் ஒட்டியிருந்த கணக்கு போயிற்று. ஒருவன் ஆண்டுக்கணக்கில் விழுந்து எழுந்து கற்றதை ஒரே இரவில் செல்லாததாக்கும் ஆட்டத்தைப் பதினேழு வயதுப் பையனுக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை குறைப்பில் கூட்டித் தரும் இணைப்புத் தொகுப்புகளோ அதைவிட மோசம். அவற்றில் பாதியைத் தொடும் முன் நீ திவாலாகியிருப்பாய். கட்டாயம் வாங்கித்தான் ஆவேன் என்றால் அடிப்படை ஆட்டத்தை மட்டும் வாங்கு.

ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் செயலியில் ஆட்டத்தின் அமைப்புக்குள் போனால் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. நேற்று 3.14-க்குத் திரும்பிவிட்டேன். பழுதுக்கு முன் விட்ட ஆட்டம் அப்படியே திறந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, அம்மாவும் உன்னைப் பார்த்து நாளாகிறது என்கிறார். ஆண்டு 2231, நுகர்பொருள் மாதம் மூன்று குறைகிறது. எந்தக் கிரகத்தில் எந்தச் சுரங்கம் காலியாகியிருக்கிறது என்று நீயே கண்டுபிடி. நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.